பெட்டி புதிது, அச்சு எந்த ஆண்டு? மாடல் கார் கிட் விற்பனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல் கிட்களை இந்தியாவுக்கு வரவழைக்கும் இறக்குமதியாளர்களுக்கும், அவற்றைக் கடையிலும் இணையத்திலும் விற்கும் ஹாபி கடை உரிமையாளர்களுக்கும்,

அன்புடையீர், வணக்கம்.

‘புதுவரவு’ என்று நீங்கள் பட்டியலிடும் கார் கிட்கள் எல்லாமே புதியவை அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வாங்குகிற எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் இத்தனை காலம் அதைப் பெரிதுபடுத்தாமல் இருந்தோம். அண்மையில் உங்களில் ஒருவரிடம் நான் வாங்கிய கிட் ஒன்றும், அதைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த பதிலும் சேர்ந்து இந்த மடலை எழுத வைத்துவிட்டன. கடையின் பெயரையோ கிட்டின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. இது ஒரே ஒரு கடையின் வழக்கம் அல்ல என்பதால், ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

கோரிக்கை ஒன்றுதான். நீங்கள் விற்பனைக்கு வைக்கும் ஒவ்வொரு கார் கிட்டின் விவரத்திலும், அது புதிய அச்சில், அதாவது பாகங்களை வார்க்கும் புதிய எஃகு வார்ப்பில், வார்க்கப்பட்டதா, பழைய அச்சின் மறுவெளியீடா, மறுவெளியீடு என்றால் அந்த அச்சு முதன்முதலில் எந்த ஆண்டு சந்தைக்கு வந்தது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். எண்பதுகளின் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் 1/24 அளவுக் கிட், ‘இந்த ஆண்டின் புது வெளியீடு’ என்ற குறிப்போடு உங்கள் சக வணிகர் ஒருவரின் பட்டியலில் ஏறியது. பெட்டியின் முகப்புப் படத்தைத் தவிர வேறு படம் இல்லை. நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயை முழுவதும் முன்பணமாகக் கட்டிக் காத்திருந்து, வந்த பெட்டியைத் திறந்து, சேசிஸ் எனப்படும் காரின் அடித்தளம் இருந்த ஸ்ப்ரூவை (பாகங்கள் ஒன்றாக இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தை) எடுத்துத் திருப்பினேன். நடுவில் பேட்டரி படுப்பதற்கான நீண்ட பள்ளம். அதன் ஓரத்தில் ஸ்விட்ச் நுழைவதற்கான துளை. பின் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் சிறு மோட்டார் உட்காரும் தொட்டில். மோட்டாரும் கிடையாது, ஸ்விட்சும் கிடையாது. அவற்றுக்காக ஒதுக்கிய இடங்கள் மட்டும் அப்படியே இருந்தன. கீழ்ப்புறத்தில் தயாரிப்பாளரின் பெயருக்கு அருகே பொடி எழுத்தில் 1983 என்று பொறித்திருந்தது.

இந்தப் பள்ளத்தின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். எழுபதுகளிலும் எண்பதுகளின் முற்பகுதியிலும் ஜப்பானியக் கார் கிட்கள் பலவற்றை, கட்டி முடித்ததும் தரையில் ஓடவிடும் பொருளாகவே பையன்களுக்கு விற்றார்கள். அந்தக் காலத்துக்கு அது பொருத்தமான வடிவமைப்பு. ஆனால் பேட்டரிக்கு இடம் விடுவதற்காகக் காரின் உள்தளத்தைப் பாதி உயரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அதனால் சீட்டுகள் உயரம் குறைந்து, உட்காரும் பகுதி தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே கால் வைக்க ஆழமே இருக்காது. பெடல்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அடியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு தட்டையான மூடி. என் கிட்டில் இவை அத்தனையும் இருந்தன. கூடவே, பல்லாண்டு தேய்ந்த அச்சிலிருந்து வரும் பாகங்களுக்கே உரிய பிசிறு, கதவுக் கோட்டின் ஓரத்திலும் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு இடையிலும் படிந்திருந்தது. புதிதாக இருந்தவை பெட்டியும், காரின் மேல் ஒட்டும் எழுத்துகளும் சின்னங்களும் கொண்ட டிக்கால் தாளும் மட்டுமே. புதிய மொந்தையில் பழைய கள் என்பார்களே, இங்கே மொந்தைக்கும் சேர்த்தே விலை வாங்கியிருக்கிறார்கள்.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். “பெட்டி இந்த வருஷம்தானே சார் வந்திருக்கிறது?” என்று பதில் வந்தது. அப்படியானால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். “சீல் உடைத்துவிட்டால் எடுக்க மாட்டோம்” என்றார்கள். பட்டியலில் உள்பாகங்களின் படம் கிடையாது. அச்சின் வயது கிடையாது. கடையில் பெட்டியைத் திறந்து காட்டும் வழக்கமும் கிடையாது. வாங்கியவர் வீட்டில் திறந்து பார்த்துவிட்டாலோ திருப்பித் தரும் உரிமையும் கிடையாது. சீல் உடைக்காமல் உள்ளே பார்க்கும் வித்தை எனக்குக் கைவராதது என் குறைதான் போலும். அந்த வித்தை தெரிந்த வாடிக்கையாளர்கள் உங்களிடம் நிறைய இருக்கிறார்கள் என்றால், என்னைப் போன்றவர்களுக்காக மட்டுமாவது அந்த ஒரு வரியை எழுதிவிடலாம் அல்லவா?

பழைய அச்சுகளின் மீது எனக்குப் பகை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இத்தகைய புகாரைக் கேட்டதும் ‘இவர்களுக்கு எல்லாமே புதிதாக வேண்டுமாம்’ என்று பேச்சைத் திருப்பிவிடுவது உங்களில் சிலருக்குப் பழக்கம். எஃகில் ஒரு அச்சு வெட்டப் பெரும் பணம் ஆகும்; அதை ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் வார்த்துத்தான் போட்ட முதலீட்டைத் திரும்ப எடுக்க முடியும்; மறுவெளியீடு இல்லாவிட்டால் இந்தத் தொழிலே இல்லை. ஜப்பானிய நிறுவனமான டாமியா 1993-இல் கொண்டுவந்த டொயோட்டா சுப்ரா கிட்டை இன்றைக்கும் மனமுவந்து வாங்கிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மற்றொரு ஜப்பானிய நிறுவனமான ஃபுஜிமி எண்பதுகளில் ‘என்தூசியஸ்ட்’ வரிசையில் வெளியிட்ட போர்ஷே 911 கிட்களில் உள்ள இன்ஜின் வேலைப்பாட்டை அதற்குப் பின் வந்த பல கிட்களில் காண முடியாது. அமெரிக்காவின் ரவுண்ட் 2 நிறுவனம் ஏ.எம்.டி., எம்.பி.சி. என்ற பழைய பிராண்டுப் பெயர்களில் அறுபது, எழுபதுகளின் கிட்களை அந்தக் காலத்துப் பெட்டிப் படங்களோடே திரும்பக் கொண்டுவருகிறது. அவை பழையவை என்பதுதான் அங்கே விற்பனைக்கான கவர்ச்சியே. வயதை மறைக்காமல் விற்றாலும் விற்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

தயாரிப்பாளர்கள் பலரும் இதில் ஒளிவுமறைவு வைப்பதில்லை. டாமியா தன் ஜப்பானியப் பட்டியலில் புதிய தயாரிப்புகளைத் தனியாகவும், இடைவெளி விட்டு மீண்டும் வார்க்கும் பழைய கிட்களை ‘ஸ்பாட்’ உற்பத்தி என்று தனியாகவும் காட்டுகிறது. அந்தப் பிரிவினை கடலைக் கடந்து உங்கள் பட்டியலுக்கு வந்து சேரும்போது எங்கேயோ தொலைந்துபோகிறது. ஜனவரி இறுதியை ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பர்க்கிலும் மே மாதம் ஜப்பானின் ஷிசுவோகாவிலும் நடக்கும் கண்காட்சிகளில் அறிவிக்கப்படும் உண்மையான புதுக் கிட்களும், நாற்பது வயதான அச்சுக்குப் புதுப் படம் ஒட்டியவையும் உங்கள் ‘புதுவரவு’ப் பக்கத்தில் தோளோடு தோள் நிற்கின்றன, ஏறக்குறைய ஒரே விலையில்.

இடைப்பட்ட நிலைகளும் உண்டு என்பதை அறிவேன். பழைய அச்சோடு புதிய சக்கரங்களும் பம்பரும் கொண்ட ஒரு ஸ்ப்ரூ சேர்ந்து வரலாம். டிக்கால் மட்டும் மாறி வரலாம். அச்சே கைமாறி வேறு நிறுவனத்தின் பெயரில் வரலாம். இத்தாலிய நிறுவனமான எஸ்கியின் அச்சுகள் இன்னொரு இத்தாலிய நிறுவனமான இட்டாலேரியின் கைக்கு வந்தது போன்ற கைமாற்றங்கள் இந்தத் துறையில் சகஜம். இதனால்தான், இரண்டு வேறு பெயர்களில் இரண்டு பெட்டிகளை வாங்கி, திறந்து பார்த்தால் ஒரே காரின் ஒரே பாகங்கள் இரண்டு முறை இருப்பதைக் கண்டு விழிக்கிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் அலசி ஆராய்ந்து கட்டுரை எழுதச் சொல்லவில்லை. ‘1983 அச்சு, புதிய டிக்கால்’ என்று எழுத எத்தனை சொற்கள் வேண்டும்?

உங்கள் பக்கத்துச் சிரமங்களை நான் மறுக்கவில்லை. சுங்க அட்டவணையில் ஸ்கேல் மாடல்களும் பொம்மைகளும் ஒரே 9503-ஆம் தலைப்பின் கீழ் வருகின்றன. 2020 பிப்ரவரியில் 20 விழுக்காடாக இருந்த அடிப்படைச் சுங்க வரி 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணையும் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொருளைப் பற்றியது அந்த ஆணை, ஆனால் பெரியவர்கள் கத்தியும் பசையும் வைத்துக்கொண்டு கட்டும் கிட் அதற்குள் வருமா வராதா என்ற குழப்பத்தில் நீங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல என்பதும் தெரியும். விலை ஏறியதற்கு இவற்றையெல்லாம் காரணமாகச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அச்சின் ஆண்டை எழுதக்கூடாது என்று எந்தச் சுங்க அதிகாரியும் உங்களைத் தடுக்கவில்லை. அதற்கு வரியும் இல்லை. சொல்லப்போனால், வரியால் விலை இந்த அளவுக்கு ஏறியிருப்பதால்தான் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே அறியும் தேவை எங்களுக்குக் கூடியிருக்கிறது.

சட்டத்தை நினைவூட்டுவதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருளைப் புதிய பொருள் என்று பொய்யாகக் காட்டுவதை முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பிளாஸ்டிக் புதிதாக வார்த்ததுதானே, அச்சு மட்டும்தானே பழையது என்று நீங்கள் வாதாடலாம். அந்த வாதம் மன்றத்தில் நிற்கவும் கூடும். பெட்டியின் பக்கவாட்டில் நீங்கள் ஒட்டும் ஸ்டிக்கரில் இறக்குமதியாளரின் முகவரியும் அதிகபட்ச விலையும் மாதமும் ஆண்டும் ஒழுங்காக இருக்கின்றன, ஆனால் அந்த ஆண்டு அச்சின் ஆண்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சட்டம் கேட்காத இடத்தில் வணிகர் தாமாகச் சொல்ல வேண்டிய தகவல் அது. அதனால்தான் புகார் மனு எழுதாமல் மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுத உட்கார்ந்ததும் மற்ற மனக்குறைகளும் வரிசையில் வந்து நிற்கின்றன. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, வரும் தேதியைக் கேட்டால் ‘கப்பலில் இருக்கிறது’ என்று சொல்லும் முன்பதிவுகள். அந்தக் கப்பல்கள் இதற்குள் பூமியைப் பலமுறை சுற்றி வந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் ‘கடைசி இரண்டு பெட்டிகள் மட்டுமே’ என்று அறிவித்துக்கொண்டு, யார் வாங்கினாலும் இரண்டாகவே இருக்கும் அந்த அட்சய பாத்திரக் கையிருப்பு. கிட்டின் எண்ணையும் அளவையும் பார்த்துச் சரிபார்க்க முடியாதபடி, சரியாக அவற்றின் மேலேயே ஒட்டப்படும் விலை ஸ்டிக்கர். 2010-களில் பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனக் கிட்களின் பெட்டிகள் பலவற்றில் ‘இந்தியத் தயாரிப்பு’ என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பெட்டிகளையும் நாங்கள் இறக்குமதி விலையில் தேடி அலைந்தோம். ஆனால் இவை ஒவ்வொன்றும் தனி வழக்கு. இந்த மடலில் நான் கேட்பது அச்சின் ஆண்டை மட்டுமே.

அதை எழுதுவது கடினமல்ல. மொத்த விற்பனையாளரிடம் ஆர்டர் கொடுக்கும்போதே இது புதிய அச்சா, மறுவெளியீடா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். பல சமயம் கேட்காமலேயே பட்டியலில் இருக்கும். தெரியாவிட்டால், வந்து இறங்கும் சரக்கில் ஒரே ஒரு பெட்டியைத் திறந்து, சேசிஸின் கீழ்ப்புறத்தையும் எல்லா ஸ்ப்ரூக்களையும் கைப்பேசியில் படமெடுத்து, பெட்டிப் படத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். திறந்த பெட்டியைச் சற்றுக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ள எங்களில் பலர் முன்வருவார்கள், நானே வாங்கிக்கொள்கிறேன். பட்டியலில் சொன்னதற்கும் பெட்டிக்குள் இருப்பதற்கும் வேறுபாடு இருந்தால், சீல் உடைந்திருந்தாலும் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று ஒரு குறிப்பையும் சேர்த்தால் மிகவும் நன்று.

அடுத்த முறை ‘புதுவரவு’ப் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது, தயவுகூர்ந்து ஒவ்வொரு கார் கிட்டின் பெயருக்குக் கீழேயும் அச்சின் ஆண்டைக் குறிப்பிடுமாறு உங்கள் அனைவரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் கிட்டை விற்ற கடைக்காரர் இதைப் படிக்க நேர்ந்தால், அந்தக் கிட்டைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை. இன்னமும் உங்கள் பட்டியலில் இருக்கும் அந்தக் குறிப்பை மட்டும் முதலில் திருத்துங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாடிக்கையாளன்