சுறா தென்பட்ட செய்தியைக் கடற்கரை வாசலில் எழுதி வையுங்கள்: நகரமன்றத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகரமன்ற முதல்வருக்கும் உறுப்பினர்களுக்கும்,

கடந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நமது சிட்னிக் கடற்கரையில் சுறா அபாயச் சங்கு ஒலித்து, நீரில் நின்றவர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். கரைக்காவலர்கள் தம் கடமையைத் துரிதமாகவே செய்தார்கள்; எங்கள் முறைப்பாடு அவர்களைப் பற்றியதன்று.

என் தாயார் எழுபது வயதைக் கடந்தவர், பேரப்பிள்ளைகளைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருப்பவர், ஆங்கிலம் அறியாதவர். காவலர் கண்காணிக்கும் இடத்தைக் குறிக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டுமே இறங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லியிருந்ததை அப்படியே கேட்டு, பேத்தியின் கையைப் பிடித்தபடி இடுப்பளவு நீரில் நின்றார். சங்கொலியை அம்புலன்ஸ் என்று நினைத்தார். நீரைவிட்டு வெளியேறச் சொல்லும் சிவப்பு வெள்ளைக் கட்டக்கொடியைக் காவலர் வீசியபோது, பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிறார் என்றெண்ணித் தாமும் கையசைத்தார். நான் ஓடிப்போய் இழுத்து வரும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

பின்னர் கடற்கரை மீண்டும் திறக்கப்பட்டது. அதன்பின் வந்திறங்கிய குடும்பங்களுக்கு, காலையில் அங்கே சுறா தென்பட்டது என்பதை அறிய ஒரு வழியும் இருக்கவில்லை. வாகனத் தரிப்பிட வாசலில் கட்டணமும் தண்டப்பணமும் நாய்களுக்கான தடையும் பெரிய எழுத்தில் உள்ளன. சுறாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நாங்கள் கேட்பது ஒன்றே: கடற்கரைக்கு இறங்கும் ஒவ்வொரு வழியிலும், கடைசியாகச் சுறா தென்பட்ட நாளையும் நேரத்தையும் காட்டும் பலகை ஒன்று, படத்தோடும் இங்கு வருவோர் பேசும் மொழிகளிலும் வைக்கப்பட வேண்டும்.

சுறா நடமாட்டத்தை அறிவிக்கும் கைப்பேசிச் செயலி இருக்கிறதே என்பீர்கள். அதற்குத் தகவல் தரும் கடல் மிதவைகள், முன்பே அடையாளக் கருவி பொருத்தப்பட்ட சுறா அருகில் வந்தால் மட்டுமே உணர்பவை. மேலும், செயலியை அன்றாடம் அலைச்சறுக்குபவர்கள் பார்ப்பார்கள்; கடலுக்குத் தொலைவான மேற்குச் சிட்னியின் வென்ட்வேர்த்வில்லிலிருந்தும் டூங்காபியிலிருந்தும் விடுமுறை நாளில் பிள்ளைகளோடு வருபவர்கள் பார்ப்பதில்லை. கடலில் சுறாத் தடுப்பு வலை இருக்கிறதே என்பீர்கள். நியூகாசில் முதல் வொலங்கொங் வரை 51 கடற்கரைகளில் போடப்படும் அவ்வலை ஒவ்வொன்றும் 150 மீற்றர் நீளமே கொண்டது. சுறா அதைச் சுற்றியும் வரலாம், மேலாகவும் வரலாம். 1937இல் தொடங்கிய அவ்வலைகளை வைப்பதா அகற்றுவதா என்ற வாக்குவாதம் கோடைக்குக் கோடை நீள்கிறது. ஆமைகளும் டொல்பின்களும் சிக்கி மடியும் அந்த வலைகளுக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் அந்த வாக்குவாதம் முடியும்வரை ஒரு பலகைகூட நடப்படக் கூடாதா?

2022 பெப்ரவரியில் சிட்னியின் லிட்டில் பே கடற்கரையில் ஒருவர் உயிரிழந்தார். 1963க்குப் பின் சிட்னியில் சுறா தாக்கி நேர்ந்த முதல் மரணம் அது. 2025 செப்டெம்பரில் சிட்னியின் லாங் ரீஃப் கடற்கரையில் இன்னொருவரை இழந்தோம். இத்தகைய தாக்குதல்கள் அரியவை என்பதை நாங்களும் அறிவோம். அரியதானாலும், இறங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் இறங்குபவரே. தெரிந்த செய்தியை அவரிடம் சொல்லாமல் விடுவது எந்த வகையில் நியாயம்?

ஆகவே இந்தக் கோடை விடுமுறை முடியும் முன்பு, முதற்கட்டமாகத் தரிப்பிட வாசலிலாவது அப்பலகையை அமைத்து, ஏனைய வழிகளில் எப்போது அமைப்பீர்கள் என்பதை எழுத்துமூலம் அறியத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
இக்கடற்கரைக்கு வந்துபோகும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் ஒரு தாய்