பெற்றோர் சங்க ஆண்டறிக்கை: பாதிக்கு மேல வியட்நாம் தான், பொறுத்துக்கோங்க

தலைவர், பொருளாளர், டீச்சர்மார், நேரம் ஒதுக்கி வந்திருக்கிற பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் நல்லா நடந்துச்சு, ஆசிரியர் தினத்துக்கு சாப்பாடு குடுத்தோம், சந்தா பாக்கி வழக்கம்போல இருக்கு. கணக்கை பொருளாளர் படிப்பாங்க. நான் ஜூன் லீவுல நம்ம உயர்நிலைப் பிள்ளைங்க போன வியட்நாம் பயணத்தைப் பத்தித்தான் பேசப் போறேன், ஏன்னா சங்கத்துப் பணம் அதிகம் போனது அங்கதான், கேள்வி அதிகம் வந்ததும் அதைப் பத்தித்தான்.

முதல் கேள்விக்கு முதல்லயே பதில் சொல்லிடுறேன். டா நாங் நகரம் வரைக்கும் போயிட்டு அந்த ரெண்டு பெரிய கை தாங்குற கோல்டன் பிரிட்ஜுக்கு ஏன் கூட்டிட்டுப் போகலன்னு வாட்ஸ்அப்ல நிறைய பேர் கேட்டீங்க. வேணும்னேதான் விட்டோம். அது பா நா மலை மேல 2018ல திறந்த பாலம், போட்டோ எடுக்க அருமையான இடம், குடும்பத்தோட போகும்போது பாத்துக்கலாம். மலை ஏறி இறங்கினா ஒரு நாள் போயிடும், அந்த நாளை ட்ரா குவே கிராமத்துக்குக் குடுத்தோம்.

ட்ரா குவே, ஹோய் ஆன்ங்கிற பழைய துறைமுக ஊர் பக்கத்துல கீரையும் வாசனை இலையும் போடுற ஊர். பக்கத்து ஆத்துல இருந்து பாசியை அள்ளிட்டு வந்து மண்ணுக்குள்ள புதைச்சு அதையே உரமா போடுறாங்க. நம்ம பிள்ளைங்க மண்ணைக் கொத்தி, பாசி போட்டு, நாத்து நட்டு, தோள்ல காவடி மாதிரி கம்பு வச்சு ரெண்டு பக்கமும் பூவாளி தொங்க விட்டு தண்ணி ஊத்தினாங்க, ஜூன் மாச வெயில்ல, அங்க அப்ப 35 டிகிரி தாண்டுறது சாதாரணம், அரை மணி நேரத்துல முகமெல்லாம் சிவந்து போச்சு ஆனா ஒருத்தரும் போனைத் தொடல. அப்புறம் அவங்க பறிச்ச இலையை வச்சே பான் செயோ செஞ்சாங்க, அரிசி மாவுல மஞ்சத்தூள் போட்டு சுடுறது. தோசை திருப்பத் தெரிஞ்ச வீட்டுப் பிள்ளைங்களுக்கு அங்க நல்ல மரியாதை!

சாப்பிட உக்காந்த வீட்டுல நடுக்கூடத்துல முன்னோருக்கு ஒரு மேடை, படம், ஊதுபத்தி, பழம். இறந்த நாளை சந்திரக் கணக்குப்படி பாத்து, சொந்தமெல்லாம் கூடி, படைச்சிட்டு சாப்பிடுவாங்களாம். எங்க தாத்தாவுக்கு திதி குடுக்கிற மாதிரியேன்னு ஒரு பையன் சொன்னான். சின்னவங்க பெரியவங்களை 'சாப்பிடுங்க'ன்னு சொல்லிட்டுத்தான் கிண்ணத்தை எடுக்கணும்னும் அந்த வீட்டுப் பாட்டி காட்டிக் குடுத்தாங்க. இதை வீட்டுல நாம எத்தனை தடவை சொல்லியிருப்போம், அங்க ஒரே தடவைல செஞ்சாங்க, கடுப்பா இருந்துச்சு எனக்கு.

சைவச் சாப்பாடு பத்தி பயந்தவங்களுக்கு: மீன் சாஸ் எல்லாத்துலயும் இருக்கும், அது உண்மை. ஆனா அங்க நிறைய பௌத்தக் குடும்பங்கள் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, சந்திர மாசத்துல 1ஆம் நாளும் 15ஆம் நாளும் சைவம்தான் சாப்பிடுவாங்க, அதனால 'சாய்'னு போர்டு போட்ட சைவக் கடை ஊருக்கு ஊர் உண்டு. 14ஆம் நாள் ராத்திரி ஹோய் ஆன் பழைய ஊர்ல மின்விளக்கைக் குறைச்சு லாந்தர் வெளிச்சத்துல இருப்பாங்க, பயணத் தேதியையே அதுக்கேத்த மாதிரி வச்ச டீச்சருக்கு நன்றி. மூங்கில் வளைச்சு பட்டுத்துணி ஒட்டி ஆளுக்கொரு லாந்தர் செஞ்சாங்க, பாதி கோணல்.

மீ சன் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும். 4ஆம் நூற்றாண்டுல பத்ரவர்மன்ற ராஜா, அந்தப் பக்கம் அப்ப இருந்த சம்பா நாட்டை ஆண்டவர், பத்ரேஸ்வரர்னு சிவனுக்குக் கோயில் கட்டின பள்ளத்தாக்கு. 13ஆம் நூற்றாண்டு வரைக்கும் கட்டிட்டே இருந்திருக்காங்க. செங்கல்லுக்கு நடுவுல சாந்து இருக்கிற மாதிரியே தெரியல, எப்படி ஒட்டினாங்கன்னு இன்னும் ஆராய்ச்சியாளர்களுக்குள்ள ஒத்த கருத்து இல்ல. 1969ல அமெரிக்க விமானம் குண்டு போட்டு பல கோபுரம் போச்சு, குண்டு விழுந்த பள்ளம் கோயில் பக்கத்துலயே இன்னும் இருக்கு. போலந்துக் கட்டடக்கலைஞர் காசிமியர்ஸ் க்வியாட்கோவ்ஸ்கி பல வருஷம் அங்கேயே இருந்து சீரமைச்சு 1997ல ஹுவே நகரத்துல இறந்தார், அவருக்கு ஹோய் ஆன்ல சிலை இருக்கு. அப்புறம் இந்தியத் தொல்லியல் துறையும் வேலை செஞ்சு, 2020ல 9ஆம் நூற்றாண்டு சிவலிங்கம் ஒண்ணு கிடைச்சது. அதைப் பாத்ததும் நம்ம சாமி நம்ம சாமின்னு பிள்ளைங்க குதிச்சாங்க. ஒரு பொண்ணு மட்டும், இதைக் கட்டினவங்க இப்ப எங்கன்னு கைடைக் கேட்டா. அந்த சம்பா நாட்டு வழிவந்த சாம் மக்கள் இன்னும் இருக்காங்க, தெற்கே பான் ராங் பக்கம் அவங்க கோபுரத்துல பூசை நடக்குது, வருஷா வருஷம் காத்தே திருவிழா உண்டு, அதே மக்கள்ல முஸ்லிம்களும் இருக்காங்கன்னு அவர் சொன்னார். நம்மளோடதுன்னு சொந்தம் கொண்டாடுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்விதானே அது, பஸ்ல திரும்பும்போது பேச்சு பூரா அதுதான்.

உள்ளூர் பள்ளிக்கூடத்துக்குப் போனது மட்டும் எனக்குத் திருப்தி இல்ல. வரவேற்பு, பாட்டு, பரிசு மாத்திக்கிறது, போட்டோ, முடிஞ்சது. கழுத்துல சிவப்பு ஸ்கார்ஃப் கட்டின பிள்ளைங்களோட நம்ம பிள்ளைங்க உண்மையா பேசினது கடைசில மைதானத்துல பந்து வந்தப்பதான், அதுக்குள்ள பஸ் ஹாரன் அடிச்சிட்டாங்க.

அதனால செயற்குழு வைக்கிற தீர்மானம் இது. அடுத்த தடவை இடத்தைக் கூட்ட வேணாம், குறைப்போம். பள்ளிக்கூடத்துல ஒரு முழு நாள், ட்ரா குவேல ஒரு ராத்திரி தங்கல். செலவு கொஞ்சம் ஏறும், எட்யூசேவ், அதாவது சிங்கப்பூர் அரசு பிள்ளைங்க படிப்புக்குக் குடுக்கிற பணம், அது போக மிச்சம் கட்ட சிரமப்படுற குடும்பத்துக்கு சங்க நிதியிலிருந்து குடுக்கணும், பேர் வெளிய வராம. இதை இன்னைக்கே ஓட்டுக்கு விடலாம்னு தலைவரைக் கேட்டுக்கிறேன். லாந்தர் இன்னும் சிலது ஆபீஸ்ல கிடக்கு, பேர் எழுதியிருக்கு, போகும்போது எடுத்துட்டுப் போங்க.

இப்படிக்கு,
செயலாளர்