அடைப்பைக் கரைக்கும் மூலிகையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இதயக் குழாய் அடைப்பைக் கரைக்கும் மூலிகைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் பூண்டுக்கும் குக்குலு என்ற மரப்பிசினுக்கும் முதலிடம் தந்திருந்தீர்கள். இரண்டுமே ஆய்வில் சறுக்கியவை. அமெரிக்காவில் 103 பேரிடம் குக்குலுச் சத்தை எட்டு வாரம் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். கெட்ட கொழுப்பு குறையவில்லை. 4, 5 சதவீதம் ஏறியிருந்தது. பூண்டைப் பச்சையாகவும் மாத்திரையாகவும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்விலும் (2007) கெட்ட கொழுப்பு அசையவில்லை. ரசத்துக்குப் பூண்டு நல்லதுதான். அதை நம்பி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

உண்மையில் பேசியிருக்க வேண்டிய செடி கட்டுரையில் இல்லவே இல்லை. அது நம் மாநில மலரான செங்காந்தள். ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் இதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். கொடியைக் கம்பியில் ஏற்றி, காலை வேளையில் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைத்து, விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அந்த விதையிலிருந்து பிரித்தெடுப்பதுதான் கோல்கிசின். யூரிக் அமிலம் சேர்ந்து மூட்டு வீங்கும் கௌட் நோய்க்கு நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மருந்து.

கோல்கிசின் அடைப்பைக் கரைப்பதில்லை, கொழுப்பைக் குறைப்பதுமில்லை. குழாய்ச் சுவரில் படியும் கொலஸ்ட்ரால் படிகங்கள் வெள்ளணுக்களைச் சீண்டி அழற்சியைக் கிளப்புகின்றன. அழற்சி முற்றினால் படிவின் மேல்மூடி கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து மாரடைப்பு வருகிறது. வெள்ளணுக்கள் நகரவும் அழற்சிப் பொருள்களைச் சுரக்கவும் அந்த அணுக்களுக்குள்ளே நுண்குழல்கள் வேண்டும். அவை உருவாகாமல் கோல்கிசின் தடுக்கிறது. குழாய் எவ்வளவு குறுகியிருந்ததோ அவ்வளவேதான் இருக்கும்; படிவு வெடிக்கும் வாய்ப்பு குறையும்.

ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நாள்பட்ட இதய நோயாளிகள் 5522 பேரில் ஒரு பாதிக்குத் தினமும் 0.5 மில்லிகிராம் கோல்கிசின் கொடுத்த ஆய்வு 2020இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் முதலானவை மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றோரில் 9.6 சதவீதம், கோல்கிசின் பெற்றோரில் 6.8 சதவீதம். 2023இல் அமெரிக்க அரசு இந்த அளவுக்கு அனுமதி தந்தது. அத்தோடு கதை முடிந்துவிடவில்லை. மாரடைப்பு வந்தவுடனே மருந்தைத் தொடங்கிப் பார்த்த, 7062 பேர் கொண்ட ஆய்வில், 2024இல் வந்த முடிவு கையை விரித்துவிட்டது: கோல்கிசின் பெற்றோரில் 9.1 சதவீதம், போலி மாத்திரை பெற்றோரில் 9.3 சதவீதம். ஆகவே யாருக்கு, எப்போது தருவது என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் கிழங்கைத் தோண்டிவிடக் கூடாது. மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். கிழங்கிலும் விதையிலும் எவ்வளவு இருக்கும் என்பது மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. முதலில் வாந்தியும் பேதியுமாக வரும். சிலருக்கு அது சற்றுத் தணிந்தது போலத் தோன்றும். அதற்குள் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று பாதிப்பு பரவிவிடும். டயாலிசிஸ் செய்தும் வெளியேற்ற முடியாது. சித்த மருத்துவர்களே சுத்தி (நஞ்சு நீக்கும் பக்குவம்) செய்யாமல் இதைத் தொடுவதில்லை.

மாத்திரையிலும் கவனம் வேண்டும். சளிக்கும் காய்ச்சலுக்கும் எழுதித்தரும் கிளாரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகொனசோல், இதய நோயாளிகளே சாப்பிடும் டில்டியாசெம், வெரப்பமில் எல்லாம் கோல்கிசின் உடலைவிட்டு வெளியேறுவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அரை மில்லிகிராமே மிகையாகலாம். ஸ்டாட்டினோடு சேர்த்துச் சாப்பிடுவோருக்குத் தசை வலியோ தளர்ச்சியோ வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கிழங்கு பற்றிய எச்சரிக்கையை மட்டுமாவது அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தியல் பேராசிரியர் (ஓய்வு),
கரூர்.