எங்கள் பின்னல் கூட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மூணாறிலிருந்து குண்டளை போகிற வழியில் எங்கள் தேயிலை எஸ்டேட். அங்கே கிளப் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுகிற பின்னல் கூட்டத்துக்காக இதை எழுதுகிறேன். மார்கழி பிறக்கும் முன்னே பக்கத்து அங்கன்வாடிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கம்பளிக் குல்லா கொடுத்து முடித்துவிட்டோம். ஜனவரி விடியலில் புல்வெளி வெள்ளையாக உறைந்து, உறைபனி பட்ட கொழுந்து கருகிப் போகிற இடம் இது. கடையில் விற்கிற மங்கி கேப் இந்தக் குளிருக்கு ஒரு சீசன்கூடத் தாங்காது. கொடுத்த அன்று எல்லோரும் எங்களைத்தான் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பங்கு சேர வேண்டியவர்கள் பலர் அன்றைக்கு அங்கே இல்லை.

முதலில் சங்கரன்கோவிலில் இருக்கிற பெரியம்மா. அவருடைய அம்மா அந்தக் காலத்தில் பங்களாவில் ஆயா. துரைசானி பின்னுவதைப் பார்த்தே கற்றுக்கொண்டாராம். ஊசிக்கு எங்கே போவது? சைக்கிள் போக்ஸ் கம்பியை வெட்டி, இரண்டு முனையையும் கல்லில் தேய்த்துக்கொண்டார். கதை என்று நினைத்து நான் ஒரு நாள் அளந்தே பார்த்தேன். கம்பி 2 மில்லிமீட்டர். கடையில் பதினாலாம் நம்பர் என்று விற்கிற ஊசியும் அதே 2 மில்லிமீட்டர்தான். எங்களில் முக்கால்வாசிப் பேர் முதல் கண்ணி போட்டது பெரியம்மாவிடம் வந்த அந்தக் கம்பிகளில்தான்.

ரிட்டையர் ஆனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களும் அன்றைக்கு "ஊருக்குப் போறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார்கள், அந்த ஊரில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும். பெரியம்மாவும் அப்படித்தான் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. சித்திரை வெயிலில் திண்ணையில் கம்பளி நூலை மடியில் போட்டுக்கொண்டு பின்னுகிறார். "மலையிலேர்ந்து வந்த கிழவிக்கு மண்டை குழம்பிப்போச்சு" என்று தெருவே சொல்கிறதாம். கல்யாணம், காதுகுத்து என்று மேலே வருகிற யார் கையிலாவது அவருடைய குல்லாக்கள் வந்துவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து மேஜை நடுவில் வைத்துவிடுவோம். ஊசி உரசுகிற சத்தத்தை வைத்தே "யாருடீ அது, கண்ணியை இந்த இறுக்கு இறுக்குறது?" என்பார். எப்படியும் ஒருத்தி இறுக்கிக்கொண்டுதான் இருப்பாள்.

கைக்குழந்தைக்கு அக்ரிலிக் நூல் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றதும் அவர்தான். அக்ரிலிக் விலை குறைவு, துவைக்க லேசு, மழைக்காலத்திலும் சீக்கிரம் காயும். நாங்கள் விரும்பியது அதைத்தான். ஆனால் லயத்துப் பிள்ளைகள் குளிருக்கு விறகடுப்பை ஒட்டியே உட்காருகிறவர்கள். ஒரு பொறி விழுந்தால் அக்ரிலிக் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நிஜக் கம்பளி அப்படி உருகாது, தீயும் சட்டென்று பிடிக்காது. அதனால் சின்னக் குழந்தைகளுக்கு முழுக் கம்பளி, வளர்ந்த பிள்ளைகளுக்கு அக்ரிலிக் என்று வைத்துக்கொண்டோம்.

முழுக் கம்பளிக்குக் காசு? இங்கேதான் மூணாறு சர்ச் பெண்கள் வருகிறார்கள். வீடு வீடாகப் போய்ப் பழைய ஸ்வெட்டர்களைச் சேர்த்து மூட்டையாகக் கொடுத்தார்கள். பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடக்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, பச்சைத் தண்ணீரில் அலசி, அடியில் கனம் கட்டித் தொங்கவிட்டால் நேராகிவிடும். வெந்நீரில் போட்டால் கம்பளி சுருங்கிக் கட்டியாகிவிடும். அவசரக்காரி ஒருத்தி போட்டும் பார்த்தாள். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன்.

சிட்டத்தை உருண்டையாக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் இரண்டு கையையும் நீட்டி அதில் சிட்டத்தை மாட்டிக்கொள்ள வேண்டும், மற்றவர் சுற்ற வேண்டும். மேல் லயத்து அக்காவும் கீழ் லயத்து அக்காவும் பைப்படிச் சண்டைக்குப் பிறகு முகம் பார்க்காதவர்கள். அன்றைக்கு ஆள் குறைவு. வேறு வழியில்லாமல் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் சுவரைப் பார்க்கிறார், இன்னொருவர் நூலைப் பார்க்கிறார். பாதிச் சிட்டத்தில் சிக்கு விழுந்தது. "கொஞ்சம் தளத்து." "தளத்தித்தானே இருக்கேன்." அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் கீழ் லயத்து அக்கா கொண்டுவந்த சுண்டலில் மேல் லயத்து அக்காவுக்குத் தனிப் பொட்டலம் இருந்தது. இதை எழுதக்கூடாது என்று இரண்டு பேரும் சொல்லியிருக்கிறார்கள். மன்னிக்கணும், இரண்டு பேருக்கும் நன்றி.

அங்கன்வாடி டீச்சருக்கு. கோட்டயத்துக்காரர், எங்களுக்குச் சேச்சி. ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் டேப்பால் அளந்து நோட்டில் குறித்துக் கொடுத்தார். ஒரு வயதுக் குழந்தைக்குச் சுமார் 46 சென்டிமீட்டர். அதற்கு எட்டாம் நம்பர் ஊசியில் 88 கண்ணி போட்டால் போதும். ஓரம் இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (மறுபக்கக் கண்ணி) என்று போனால் ரப்பர் போல இழுத்துக் கொடுக்கும். எங்களுக்கு வேண்டிய மலையாளக் கடுதாசிகளை எல்லாம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். எங்களில் பாதிப் பேர் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில், அதாவது கேரளத்துப் பெண்கள் சுயஉதவிக் குழுவில், இருக்கிறோம். ஆனாலும் மினிட்ஸ் புக்கைப் பார்த்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். பதிலுக்கு நாங்கள் அவருக்குத் தமிழில் திட்டக் கற்றுக் கொடுத்தோம். வேகமாகப் படித்துவிட்டார்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வரி. "கத்தரி பிடிச்ச கைக்கு ஞாயித்துக்கிழமையாவது ரெஸ்ட் கொடுங்க" என்று அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வாரம் முழுக்கக் கத்தரியால் கொழுந்து வெட்டினால் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும். விரலெல்லாம் சொரசொரத்துப்போய் நூலைப் பிடித்து இழுக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் ஊசியைத் தொடுகிறோம். எங்களைக் கேலி பண்ணியே பொழுதுபோக்கின மாமா ஒருவர் இப்போது வாசலில் உட்கார்ந்து கட்டஞ்சாயா போட்டுத் தருகிறார். கேலி மட்டும் நிற்கவில்லை.

பையன்களுக்கு. படையப்பா ரோட்டில் நிற்கிறானா, தோட்டத்துக்குள் இறங்கிவிட்டானா என்று நாங்கள் கிளம்பும் முன் போன் பண்ணிச் சொன்னவர்கள் அவர்கள். வெளியூரில் இதைப் படிக்கிறவர்களுக்கு: படையப்பா எங்கள் பக்கத்துக் காட்டுக் கொம்பன் யானை. அவன் நகர்கிற வரை யாரும் நகர முடியாது. அவன் புண்ணியத்தில் சில நாள் இருட்டுகிற வரை ஹாலிலேயே உட்கார்ந்து, மகள் நர்ஸிங் படிக்கிற கடன், மருமகள் சமையல் என்று எல்லாவற்றையும் அலசி முடித்தோம். அன்றைக்குத்தான் குல்லாவும் அதிகம் முடியும்.

கடைசியாகப் போடி நூல்கடை அண்ணாச்சிக்கு. லூதியானாவிலிருந்து வருகிற நூலில் ஒரே சாயத்தில் முக்கினதுக்கு ஒரே லாட் நம்பர் இருக்கும். லாட் மாறினால் ஒரே நீலம் என்று வாங்கினதும் குல்லாவில் பட்டை பட்டையாகக் காட்டிக் கொடுத்துவிடும். எங்களுக்கென்று ஒரு லாட்டைத் தனியாக எடுத்து வைத்து, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவருகிற ஜீப்பில் பூப்பாறை வரை கொடுத்துவிடுவார். அங்கிருந்து மூணாறு பஸ்ஸில் ஏற்றிவிட்ட தம்பிகள் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அண்ணாச்சி, பழைய பாக்கி அடுத்த சம்பளத்தில் கண்டிப்பாக வந்துவிடும். அதுவரைக்கும் அந்த மெரூன் கலரை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.