ஓட்டத்தைப் பாராட்டுகிறோம், தட்டைப் பார்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்களிடம் உடற்பயிற்சி ஆர்வம் பெருகிவருவதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நல்லதுதான். ஆனால் கடலூரில் நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். அந்தக் கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பயிற்சியின் பெயரால் சோற்றைக் குறைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் விடியற்காலையில் ஓடும் பிள்ளைகளைக் கவனியுங்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ஓடி முடித்ததும் நேரே டீக்கடைக்குப் போவார்கள். போண்டா சூடாக இல்லையென்றால் சண்டையே போடுவார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வேறு சிலர் காய்ச்சலோடும் ஓடுவார்கள், வீங்கிய கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டும் ஓடுவார்கள். மழையால் ஒரு நாள் ஓட்டம் தடைபட்டால் அன்றைக்குச் சோறு பாதியாகிவிடும்.

என்னிடம் பயின்ற ஒரு மாணவி, விளையாட்டு விழா அன்று கொடுத்த வெண்பொங்கலைக் காகிதத்தால் ஒற்றி நெய்யை எடுத்தாள். முந்திரியைப் பொறுக்கி இலையோரம் ஒதுக்கினாள். மிச்சத்திலும் பாதியைத் தோழியின் பக்கம் தள்ளிவிட்டாள். அவள் முந்திரி விளையும் பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளை! வீட்டாரோ, "எங்கள் பெண்ணுக்கு என்ன கட்டுப்பாடு பாருங்கள்" என்று பூரித்துப்போனார்கள்.

இந்தப் பூரிப்புதான் எனக்கு அச்சம் தருகிறது. பிள்ளை பட்டினி கிடந்தால் பதறும் பெற்றோர், தின்றதை எரிப்பதற்காக ஓடினால் மெச்சுகிறார்கள். மனநல மருத்துவமோ, சாப்பிட்டதற்குப் பரிகாரமாக அளவு மீறிப் பயிற்சி செய்வதை வாந்தி எடுப்பதோடும் பேதி மாத்திரையோடும் ஒரே வரிசையில் வைக்கிறது. உழைப்புக்கு ஏற்ற ஊட்டம் இல்லாத பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். எலும்பு வலுப்பெற வேண்டிய வயதில் மெலிந்து, ஓட்டத்திலேயே கீறல் விடும். நாடித்துடிப்பு குறைந்தால் 'நல்ல பயிற்சி' என்கிறோம். பட்டினி கிடக்கும் உடலிலும் அது குறையத்தான் செய்யும். ஆண் பிள்ளைகளும் தப்புவதில்லை. 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த ஊட்டக் குறைபாட்டுக்குத் தனிப் பெயரே சூட்டி, ஆண் வீரர்களையும் அதில் சேர்த்தது. புஜம் இன்னும் சிறுத்திருக்கிறது என்று கண்ணாடி முன் புலம்பியபடி முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் தின்னும் கல்லூரி மாணவர்களை ஜிம் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பயிற்சியாளர்கள் எடை பார்ப்பதோடு நிற்காமல், காலையில் என்ன சாப்பிட்டாய் என்றும் கேட்க வேண்டும். மாதவிலக்கு மூன்று மாதம் வரவில்லை என்று ஒரு பெண் சொன்னால், போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரைக்குக் கீழேயே 'ஒரே மாதத்தில் 10 கிலோ குறைக்கலாம்' என்று விளம்பரம் வந்திருந்தது. பத்திரிகைக்கு வருமானம் வேண்டும், புரிகிறது. பக்கத்தையாவது மாற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.