மின்கார் சார்ஜர் வேலை முடிந்தது: கணக்கும் சில பதில்களும்

அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தொடர்மாடியின் பின்பக்கத் தரிப்பிடத்தில் இரண்டு சார்ஜர்களும் வேலை செய்யத் தொடங்கிவிட்டன. கூரைத் தகடு, விளக்கு, சுவர்ப் பூச்சு எல்லாம் முடிந்தது, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது காசைப் பற்றி. 620,000 ரூபாயில் முடியும் என்றோம், 748,000 ஆகிவிட்டது. மிச்சம் 128,000 எங்கே போனது என்று வாட்ஸ்அப்பில் கேட்டவர்களுக்கும், கேட்காமல் படிக்கட்டில் நின்று கதைத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

முதல் ஒப்பந்தக்காரர் 10 எம்எம் (சதுர மில்லிமீற்றர்) வயர் என்று எழுதி, அதற்கு விலையும் போட்டு, கையெழுத்தும் வைத்துவிட்டு இறக்கியது 6 எம்எம். மூன்றாம் மாடி எஞ்சினியர் தம்பி வயரின் மேலிருந்த எழுத்தை வாசித்துக் காட்டிய பிறகு, "16 அம்பியருக்கு 6 காணும் அண்ணை" என்றார் ஒப்பந்தக்காரர். சார்ஜர்களை இப்போது வைத்திருப்பது 16 அம்பியரில்தான், அதற்குக் காணும்தான், அதை ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் மீற்றர் அறையிலிருந்து தரிப்பிடம் 45 மீற்றர், அதில் பாதி கொங்கிறீற்றுக்குக் கீழே. நாளைக்கு 32 அம்பியருக்கு ஏற்றினால் 6 எம்எம் வயரில் 10 வோல்ற் அளவு வழியிலேயே விழும், 10 எம்எம்மில் 6 அளவுதான். அப்போது திரும்பவும் நிலத்தை உடைக்க யார் காசு தருவது? அதோடு அவர் அடித்த இரும்புக் கிளிப்புகள், மாரி மழையும் கடற்கரை உப்புக்காற்றும் பட்டு, வேலை முடியும் முன்னரே துருப்பிடித்துவிட்டன. நிறுத்தச் சொன்னோம். சத்தம் போட்டார், பிறகு போனை எடுக்கவே இல்லை. அவரிடமிருந்து திரும்பி வராத முற்பணம் 45,000, புது ஆளின் கூலி 65,000, துருப்பிடிக்காத எவர்சில்வர் கிளிப்பும் ஆணியும் 18,000. 128,000க்கு இதுதான் கணக்கு. சண்டை பிடிக்காமல் விட்டிருக்கலாமே என்கிறவர்கள், அந்தக் கிளிப்புகளை மீற்றர் அறையில் வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள்.

அடுத்தது, ஏன் 32 போடவில்லை என்ற கேள்வி. பொது மீற்றரின் இணைப்பு மூன்று பேஸ், 30 அம்பியர். ஒரு சார்ஜரை 32இல் விட்டாலே அது தாங்காது, இணைப்பைக் கூட்ட மின்சார சபைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அதனால் இரண்டையும் 16இல் வைத்து, வேறு வேறு பேஸில் கொடுத்து, மூன்றாவதைத் தண்ணீர் மோட்டருக்கு விட்டோம். உச்ச நேரமான மாலை 6.30 முதல் 10.30 வரை சார்ஜர் பூட்டியிருக்கும். 10.30க்குப் போட்டால் விடிய 5.30க்குள் 25 யூனிற் ஏறும், 24 யூனிற் பற்றறி உள்ள பழைய நிசான் லீஃப் காருக்கு அது காணும். நிலாவெளிக்குப் போய் வர 5 யூனிற் அளவில்தான் முடியும். இதற்கு மேல் என்ன அவசரம் என்று தெரியவில்லை.

கார் இல்லாத நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. மின்கார் வைத்திருக்கும் இரண்டு வீட்டாரும் தலா 200,000 கட்டினார்கள். நன்கொடையாக ரொறன்ரோவில் இருக்கும் நான்காம் மாடி வீட்டுக்காரர் 100,000, லண்டனில் இருந்து இரண்டாம் மாடி அம்மாவின் மகன் 75,000, கீழ்வீட்டு டொக்டர் 25,000, எஞ்சினியர் தம்பி 25,000, மூலைக்கடை ஐயா 15,000, காரே இல்லாத முதலாம் மாடி ரீச்சர் 10,000. ரீச்சருக்குத் தனியாக நன்றி சொல்லத்தான் வேண்டும். பராமரிப்பு நிதியில் எடுத்தது 98,000 மட்டுமே. ஏறும் கரண்டுக்குத் தனி மீற்றர் இருக்கிறது, மாதம் முதலாம் திகதி வாசித்து அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம், கார்க்காரர் கட்டுவார்.

பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, இரவு 7 மணிக்குப் பிறகு போய்ப் பார்க்கலாம். அப்புறம், இரண்டாவது சார்ஜருக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

செயலாளர், நிர்வாகக் குழுவுக்காக
திருகோணமலை