பேத்தியை மட்டும் அனுப்பாதே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. கோடை வகுப்புகள் முடிந்து, வலைகளை நன்னீரில் அலசி உலர்த்தி, நுண்ணோக்கிகளில் படிந்த உப்பைத் துடைத்து உறையிட்டு வைப்பதற்குள் இத்தனை நாள் ஓடிவிட்டது. ஓய்வு பெற்றவள் கோடையிலாவது ஓய்வெடுக்கக் கூடாதா என்று நீ கேட்பாய். என் முழங்காலும் அதைத்தான் கேட்கிறது. உன் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. அந்தக் கண்ணுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேத்தியைக் கடல் அறிவியல் முகாமுக்கு அனுப்பலாமா, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன் என்று கேட்டிருந்தாய். தாராளமாக அனுப்பலாம். ஆனால் முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர்கள் அச்சிட்ட தாளில் எத்தனை சுறாவும் ஆமையும் இருக்கின்றன என்று பார்க்காதே. ஒரு நாளில் பிள்ளைகளை எத்தனை இடங்களுக்கு ஓட்டிச் செல்கிறார்கள் என்று பார். காலையில் மீன் காட்சியகம், பகலில் படம், மாலையில் படகு என்று போகும் முகாமிலிருந்து பிள்ளை களைப்போடும் ஒரு தொப்பியோடும் திரும்பி வரும். கடல் வற்றும்போது பாறையிடுக்கில் நீர் தேங்கி நிற்கும் ஒரே பாறைக்குட்டைக்கு ஐந்து நாள் தொடர்ந்து அழைத்துச் செல்லும் முகாம் பார்வைக்கு எளிமையாக இருக்கும், அதையே தேர்ந்தெடு. எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், உயிர்காப்பு உடை உண்டா, கூம்புச் சங்கைக் கையால் எடுக்கக் கூடாது என்றும் கரையில் செத்துக் கிடக்கும் சொறிமீனும் கொட்டும் என்றும் முதல் நாளே சொல்லித் தருகிறார்களா என்பதையெல்லாம் நீ கேட்காமல் விடமாட்டாய். நான் கூடுதலாக ஒன்று கேட்பேன்: வகுப்பு தினமும் எத்தனை மணிக்கு? நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் கரையில் வற்றத்தின் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். "வாரம் முழுவதும் காலை ஒன்பதுக்குப் பாறைக்குட்டை" என்று எழுதி வைத்திருப்பவர்கள், கடலைக் கேட்காமல் கால அட்டவணை போட்டவர்கள்.

தொட்டுப் பார்க்கும் தொட்டிகளைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காலையிலிருந்து மாலை வரை நூறு கைகள் தூக்கித் தூக்கி வைக்கும் நட்சத்திர மீனிடமிருந்து, விலங்கு என்பது தூக்கி வைக்கும் பொருள் என்பதைத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். பாறையைப் பற்றியிருக்கும் நட்சத்திர மீனை வலிந்து பிய்த்தால் அதன் குழாய்க்கால்கள் அறுந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டே விதிகள்: புரட்டிய கல்லைப் புரட்டியபடியே விட்டு வரக் கூடாது, கடலுக்கு முதுகு காட்டக் கூடாது.

ஒன்பது வயதில் என்ன பயன் என்றாயே, இந்த ஆண்டு நடந்ததையே சொல்கிறேன். பாறையிலும் கப்பலின் அடியிலும் வெள்ளை வெள்ளையாகக் கொட்டலசு ஒட்டிக்கிடக்குமே, அது படிந்த கையளவு கல் ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் கடல்நீர் ஊற்றி அதற்குள் வைத்தேன். "இது சிப்பி," என்றான் ஒரு பையன். "பார்த்துக்கொண்டே இரு," என்றேன். நான்கு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் குவளையைத் தட்டினான், நாற்காலியில் நெளிந்தான், என்னை முறைத்தான். பிறகு கூம்பின் உச்சியில் இரண்டு சிறு கதவுகள் விலகி, உள்ளிருந்து இறகு போன்ற கால்கள் வெளியே விரிந்து, நீரை ஒரு வாரு வாரிவிட்டு உள்ளே மடங்கின. மறுபடி விரிந்தன. அவன் மூச்சுக்கூட விடவில்லை. "சிப்பிக்குக் கால் கிடையாதே!" என்று அவனே சொன்னான். தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு காலால் உணவை வாரும் பிராணி அது. நண்டுக்கும் இறாலுக்கும் உறவு.

அவன் செய்த தவற்றைப் பெரிய பெரிய இயற்கையறிஞர்களும் செய்திருக்கிறார்கள். லின்னேயஸ், குவியே ஆகியோரே கொட்டலசைச் சிப்பி, நத்தை இனத்தோடு சேர்த்திருந்தார்கள். ஜான் வாகன் தாம்சன் என்ற ராணுவ மருத்துவர், நீரில் நீந்தித் திரிந்த ஒரு சின்னஞ்சிறு உயிர் ஓரிடத்தில் ஒட்டிக் கொட்டலசாக மாறுவதைக் கண்டு 1830இல் எழுதிய பிறகே அது நண்டும் இறாலும் அடங்கிய ஓட்டுக்கணுக்காலிகளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. டார்வின் 1846இலிருந்து எட்டு ஆண்டுகள் இதனோடே மல்லுக்கட்டினார். இதையெல்லாம் பையனிடம் நான் சொல்லவில்லை. நான்கு நிமிடக் காத்திருப்பு அவனுடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதின்ம வயதினர் கதை வேறு. வியப்பைக் காட்டுவது அவர்களுக்கு வெட்கக்கேடு. ஆகையால் அவர்களிடம் வேலையைக் கொடுத்துவிடவேண்டும். கரையின் மேல்மட்டத்தில் இருக்கும் குட்டை, வெயில் ஏற ஏறக் கீழ்மட்டக் குட்டையைவிட எவ்வளவு உப்பேறுகிறது என்பது ஒரு குழு எடுத்துக்கொண்ட கேள்வி. மணிக்கொரு முறை, நீரின் உப்பளவைக் காட்டும் ஒளிவிலகல்மானியில் ஒரு துளி விட்டு, வெளிச்சத்தில் பிடித்து, அளவைக் குறித்து வந்தார்கள். ஐந்தாம் நாள் திறந்த கடல்நீரைச் சோதித்தபோது கிலோவுக்கு 38 கிராம் உப்பு காட்டியது. எங்கள் கரையில் வழக்கமாக 35 கிராம்தான் இருக்கும். காய்ச்சி வடித்த நீரை விட்டுப் பார்த்தால் சுழியம் காட்டவேண்டிய கருவி மூன்றைக் காட்டுகிறது. தினமும் காலையில் சுழியத்தைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தேன். செய்கிறார்களா என்று நான் பார்க்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

எல்லா அளவிலும் மூன்றைக் கழித்துவிடலாம் என்றான் ஒருவன். கருவி என்று கெட்டது என்று தெரியாமல் எப்படிக் கழிப்பது என்று ஒரு பெண் மறித்தாள். அப்போதுதான் இன்னொருவன், மூன்றாம் நாள் அதைப் பாறையில் தவறவிட்டதாகத் தலைகுனிந்தபடி சொன்னான். கைகலப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இறுதி நாள் அவர்கள் வைத்த வரைபடத்தில் முதல் இரண்டு நாளும் முழுக்கோடு, மீதி நாள்கள் புள்ளிக்கோடு. பெற்றோர்கள் முன்னால் அந்தப் புள்ளிக்கோட்டைக் காட்டி, "இதை நாங்கள் நம்பவில்லை, காரணம் இது," என்று அந்தப் பெண் சொன்னாள். முப்பது ஆண்டுகளில் நான் கேட்ட ஆய்வுரைகளில் இந்த நேர்மை எத்தனையில் இருந்தது என்று எண்ணிப் பார்க்காமலிருப்பதே நல்லது.

இனி உன் கதைக்கு வருகிறேன். பேத்திக்காகக் கேட்டாயே தவிர, உனக்காக ஒரு வரிகூட நீ கேட்கவில்லை. கோடையில் உன்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் தனியாக ஒரு வாரம் நடத்துகிறோம். ஒரே ஒரு வாரத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், பிள்ளைகளுடையதை விட்டுவிட்டு ஆசிரியர்களுடையதைத்தான் நடத்துவேன். முகாமுக்கு வரும் பிள்ளை ஒன்று. ஆசிரியருக்குப் பின்னால் ஆண்டுதோறும் ஒரு வகுப்பு நிற்கிறது.

இந்தக் கோடைப் பழக்கமே ஆசிரியர்களிடமிருந்து தொடங்கியதுதான். 1873 ஜூலையில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் பெனிகீஸ் என்ற சிறு தீவில், லூயி அகாசி என்ற இயற்கையறிஞர் ஒரு கோடைப் பள்ளி திறந்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், பெண்களும் இருந்தார்கள். கட்டடம் முடியாததால் ஒரு தொழுவத்தில் வகுப்புத் தொடங்கியது. அந்த டிசம்பரில் அகாசி இறந்தார். அடுத்த கோடையோடு பள்ளியும் மூடப்பட்டது. இரண்டே கோடைகள்! ஆனால் அங்கே படித்த பள்ளி ஆசிரியர் சார்லஸ் விட்மன்தான், 1888இல் அதே மாசசூசெட்ஸின் உட்ஸ் ஹோல் என்ற ஊரில் தொடங்கிய கடல் உயிரியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அந்த ஆய்வகம் இன்றும் நடக்கிறது.

ஆசிரியர்களோடு முதல் நாள் எப்போதும் கடினம். பெயர் என்ன, இது எந்தப் பாடத்துக்குப் பொருந்தும் என்ற இரண்டு கேள்விகளோடு வருவார்கள். உயிரினத்தின் மீது பெயர் விழுந்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இம்முறை அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைப் பாறைமேல் வைத்து, ஒரு மணி நேரம் பெயர் சொல்லாமல் வரையச் சொன்னேன். முணுமுணுப்பு எழுந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய ஒருவர் குட்டைக்குள் கைவிடவே தயங்கினார். மாணவர்முன் "தெரியாது" என்று சொல்லிப் பழகாத தயக்கம் அது என்று பிறகு அவரே சொன்னார். அவர் வரைந்த படத்தில் சிறு நத்தைகள் எல்லாம் விரிசலின் நிழல்பக்கத்திலேயே இருந்தன. ஏன் என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் கைவிளக்கோடும் ஒரு துணையோடும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஈரமான பாறை முழுவதும் அவை பரவி மேய்கின்றன என்றார். வெயிலில் உலர்ந்துவிடாமலிருக்கவே பகலில் ஒடுங்குகின்றன என்ற விடை அவருடைய வாயிலிருந்தே வந்தது.

உன் பள்ளிக்கும் கடலுக்கும் வெகுதூரம் என்று நீ சாக்குச் சொல்வாய். 35 கிராம் உப்பை 965 கிராம் நீரில் கரைத்தால் உன் வகுப்பறையிலேயே கடலின் உப்பளவு வந்துவிடும். அதற்கு வண்ணமிட்டு, நன்னீரின் அடியில் மெல்ல இறக்கிப் பார். இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். வெள்ளைத் தட்டை அளவுக் கயிற்றில் கட்டி ஏரிக்குள் இறக்கி, அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறி. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் கடலில் செய்ததும் அதுதான்; இன்றும் ஆய்வுக் கப்பல்களில் அந்தத் தட்டு இருக்கிறது. மெல்லிய வலைத்துணியைக் குளத்தில் இழுத்தால் கடலில் மிதக்கும் துடுப்புக்காலிகள் என்ற நுண்ணிய இறாலுறவுப் பிராணிகள் அங்கேயும் கிடைக்கும்.

அடுத்த கோடையின் ஆசிரியர் வாரத்தைப் பௌர்ணமிக்கு மறுநாளிலிருந்து வைத்திருக்கிறோம். அப்போது கடல் மிகத் தாழ வற்றும், மற்ற நாள்களில் தெரியாத பாறையெல்லாம் வெளியே வரும். பேத்தியின் முகாமும் அதே வாரம். விண்ணப்பத்தை இதனோடு வைத்திருக்கிறேன், நிரப்பி அனுப்பு. வழுக்காத அடியுள்ள பழைய காலணி ஒன்று எடுத்து வா. குறிப்பேட்டுக்குப் பேனா வேண்டாம், நனைந்தால் மை பரவிவிடும். பென்சில் இரண்டு கொண்டு வா, ஒன்று நிச்சயம் குட்டைக்குள் விழும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி